மாத்திரை மஞ்சள்

அன்புள்ள மகனுக்கு,

முந்தாநாள் நான் அடித்த தந்தி இதற்குள் உன் கைக்கு வந்திருக்கும். 'உடனே டாக்டரைப் பார். அம்மா' என்பதைப் படித்துவிட்டு நீ சிரித்திருப்பாய். சிரித்ததோடு நிற்காமல் அதைக் கேன்டீனுக்கு எடுத்துப் போய்க் காப்பி மேஜையில் விரித்து வைத்து, எங்க அம்மாவைப் பாருங்கடா என்று கூட்டாளிகளுக்கும் காட்டியிருப்பாய். உன்னைப் பெற்றவளுக்கு உன்னைத் தெரியாதா? தந்தியில் காரணம் எழுத இடமில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். இதையாவது கேன்டீனுக்குக் கொண்டுபோகாதே. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கடைசிவரை படி. அதற்கு முன்னால் டாக்டரைப் பார்க்கப் போகிறாயென்றால், படிக்காமலே போ, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

நீ அனுப்பிய இன்லண்ட் லெட்டர் என் முன்னால்தான் கிடக்கிறது. பக்கம் முழுக்கக் கேன்டீன் புராணம். தினமும் பதினொரு மணிக் காப்பிக்கு உட்கார்ந்தால் ஒருத்தன் தலைமுடிக்கு ஒரு விட்டமின் சொல்லுகிறான், ஒருத்தன் ஞாபகசக்திக்கு இன்னொன்று சொல்லுகிறான், மூன்றாவது ஒரு மேதாவி மீன் எண்ணெய் மாத்திரை போட்டால் கண் பளிச்சென்று தெரியும் என்கிறான், நீ எல்லாவற்றையும் வாங்கி முழுங்குகிறாய். முட்டை வெந்த நாற்றம் பட்டாலே மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவைத் தாண்டும் பிள்ளை, பம்பாயில் மீன் எண்ணெய் முழுங்குகிறது! நல்லா இருக்கு. மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று நான் கேட்டதற்குப் பதில் இல்லை. அதற்கெல்லாம் மாத்திரை இருக்கும்போது சோறு எதற்கு என்று நினைத்துவிட்டாய் போல.

அதெல்லாம் தொலையட்டும். மடிக்கிற ஓரத்தில் இடுக்கி இடுக்கி இரண்டு வரி எழுதியிருக்கிறாயே, அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். 'ஒரு வாரமாக எனக்கும் அப்பா மாதிரி மாத்திரை மஞ்சள்தான், சோற்றைப் போட்டுப் பார்க்கட்டுமா' என்று ஒரு வரி. 'இப்போதெல்லாம் காப்பியே பிடிக்கவில்லை, வாசனை வந்தாலே குமட்டுகிறது' என்று அடுத்த வரி. முதல் வரியை வேடிக்கை என்று எழுதியிருக்கிறாய். இரண்டாவது வரியை ஒரு விஷயமாகவே நினைக்காமல் எழுதியிருக்கிறாய். உன் அப்பா கதையில் உனக்குத் தெரிந்தது பாதி. மிச்சப் பாதியை நான் உன்னிடம் சொல்லவில்லை. சொல்லுகிறேன், கேள்.

அப்பா குருவிகுளம் யூனியன் ஆபீசிலிருந்து ரிட்டையர் ஆன பிறகு நம் வீட்டு முன்னறை ஆபீசாகிவிட்டது உனக்கு நினைவிருக்கும். காலையில் நான் டிகாஷன் இறக்கும் மணம் தெருவுக்குப் போக வேண்டியதுதான், இரண்டு பேர் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஒருத்தர் தாசில்தார் ஆபீசில் ஹெட்கிளார்க்காக இருந்து, உலகத்துக் கோப்புகளையெல்லாம் பார்த்து முடித்துவிட்டதாக நினைப்பவர். இன்னொருத்தர் லூம் அண்ணாச்சி. தறிகள் அவருடையவை, தறிச் சத்தம்தான் அவருக்கு ஆகாது. அதனால் பகல் முழுவதும் நம் வீட்டில் இருப்பார். இந்த மூன்று பேரும் பேசாத நோய் இல்லை. ஒருத்தருக்கும் ஒரு நோயும் கிடையாது, அதுதான் வேடிக்கை. தின்ற சோறு செரித்து, வேலையும் இல்லாமல் இருந்தால் மனிதனுக்கு உடம்பைப் பற்றித்தான் பேச்சு ஓடும். வாயு, பித்தம், சர்க்கரை, பிரஷர் என்று முதல் டம்ளரில் ஆரம்பித்தால் இரண்டாவது டம்ளரில் வைத்தியமும் சொல்லி முடித்துவிடுவார்கள். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். இவர்கள் கால் வைத்தியனுக்குக்கூடக் காணமாட்டார்கள்.

அந்தச் சத்து மாத்திரை வந்தது லூம் அண்ணாச்சியின் மருமகனிடமிருந்து. அவன் மருந்துக் கம்பெனிக்காக ஊர் ஊராகப் போகிறவன். டாக்டர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சிய சாம்பிளை மாமனார் வீட்டில் கொட்டிவிட்டுப் போவான். சும்மா கொடுத்தால் எனக்கு ஒண்ணு, எங்கப்பனுக்கு ஒண்ணு என்கிற கதைதான். "ஒண்ணு போட்டாப் போதும் வே, ஒரு நாள் சோத்துச் சத்து அம்புட்டும் உள்ள போயிரும்" என்று லூம் அண்ணாச்சி ஒரு டப்பாவை அப்பா கையில் வைத்தார். "அமெரிக்காக்காரன் இப்பம் சோறே திங்கதில்லையாம், மாத்திரையத்தான் முழுங்குதானாம்" என்று ஹெட்கிளார்க் சாட்சி சொன்னார். "அப்பம் நாளையிலேருந்து நான் உலை வைக்க வேண்டாமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "மதினி கேலி பண்ணுதாக" என்று சிரித்தார்களே தவிர, ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. சங்கரன்கோவிலில் பிறந்து வளர்ந்த உன் அப்பா, எல்லா நோய்க்கும் மருந்தென்று ஊரே தின்னும் கோவில் புற்றுமண்ணை நெற்றியில் இடுவதோடு சரி, மண்ணில் கிருமி இருக்கும் என்று வாயில் போடமாட்டார். அந்த மனிதர் யார் வீட்டு மருமகனோ மிச்சம் மீதி என்று கொட்டிவிட்டுப் போனதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக முழுங்கினார். டப்பாவைத் திறந்தால் புளித்த மாவு வாடை அடிக்கும். அதுதான் சத்தின் வாடை என்றார்.

இரண்டு நாளில் கொல்லைப் பக்கமிருந்து முகம் வெளுத்து வந்தார். "ஏட்டி, மஞ்சளாப் போகுது" என்றார். நான் வாய் திறப்பதற்குள் முன்னறையில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். காமாலை! காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பது பழமொழி. இவர்களுக்குக் கண் நன்றாகத்தான் இருந்தது, புத்திக்குத்தான் காமாலை. "எதுக்கும் சோத்தைப் போட்டுப் பாத்துருவோம்" என்றார் லூம் அண்ணாச்சி. அந்தச் சோதனை உனக்குத் தெரியும், நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். நோயாளியின் சிறுநீரில் வெள்ளைச் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, பிறகு கழுவிப் பார்க்க வேண்டும். சோறு மஞ்சள் பிடித்திருந்தால் காமாலை. அன்றைக்குப் பொங்கிய முதல் பிடிச் சோற்றைத் தேங்காய்ச் சிரட்டையில் கேட்டு வாங்கிப் போனார்கள். அன்னத்தை அப்படிப் பண்ண எனக்குக் கை கூசிற்று. கொஞ்ச நேரம் கழித்துக் கொல்லையில் மூன்று தலைகளும் ஒரு சிரட்டைக்கு மேல் குனிந்திருந்ததை அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சோறு எலுமிச்சம்பழச் சாதம் போல இருந்தது. "கேஸ் புரூவ்டு" என்று ஹெட்கிளார்க் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

பிறகு நடந்த கூத்து உனக்குத் தெரிந்ததுதான். வாசுதேவநல்லூரில் ஒருத்தர் காமாலைக்குப் பச்சிலை கொடுக்கிறார் என்று பஸ் ஏறிப் போய் வந்தார்கள். விடிந்ததும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் குடிக்க வேண்டும். உப்பு இல்லை, புளி இல்லை, எண்ணெய் இல்லை, காப்பி இல்லவே இல்லை. அவருக்குத்தான் இல்லை, அவர்கள் இருவருக்கும் நான் வழக்கம்போல ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பத்தியக்காரர் எதிரே உட்கார்ந்து நுரையை ஊதிக்கொண்டு, "மணத்தையாவது பிடிச்சிக்கிடும் வே" என்றார் லூம் அண்ணாச்சி. அதையும் ஒரு பெரிய மனசாகத்தான் சொன்னார். உப்பில்லாச் சோறு தின்று அப்பா துவண்டு போனதும், "பத்தியத்துல ஒடம்பு தளந்துரும், அதனால சத்து மாத்திரைய மட்டும் விட்டுராதீரும்" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவரும் விடவில்லை. மாத்திரை உள்ளே போனது, மஞ்சள் வெளியே வந்தது, சோறு நிறம் மாறிக்கொண்டே இருந்தது. நாள்பட்ட காமாலை என்றார்கள். பச்சிலையை இரட்டிப்பாக்கினார்கள். நான் ஒரு முறை மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாமே என்று சொன்னேன். அடுக்களையில் பாத்திரம் உருண்டால் திரும்பிப் பார்ப்பார்கள் பார், அந்த மாதிரி ஒரு நொடி பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் நீ ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்தாய். பிள்ளை மெலிந்துவிட்டான் என்று அப்பா உனக்கும் ஒரு மாத்திரை கொடுத்தார். மறுநாள் காலையில் "எம்மா, எனக்கும் வந்துட்டு!" என்று நீ போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரி ஓடி வந்தாள். ஹெட்கிளார்க் உன்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, "தொத்திருச்சு" என்று தன் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். எனக்கு அப்போதுதான் வாய் முழுதாகத் திறந்தது. "ஒரே பானைச் சோறு, ஒரே குடத்துத் தண்ணி. எனக்கு ஏன் அண்ணாச்சி தொத்தல? நான் அந்தச் சனியன் மாத்திரைய முழுங்கல, அதான்!" என்றேன். உன்னையும் அப்பாவையும் மாத்திரையைத் தொடவிடாமல் டப்பாவை அரிசிப் பானைக்குள் புதைத்தேன். மறுநாளே இரண்டு பேருக்கும் மஞ்சள் போய் வெறும் தண்ணீர் நிறத்தில் போனது. அவ்வளவுதான் காமாலை!

வெட்கம் உள்ளவர்களாக இருந்தால் இரண்டு பேரும் ஒரு மாதமாவது நம் வாசல் பக்கம் வந்திருக்கக் கூடாது. அன்றைக்குச் சாயங்காலமே வந்தார்கள். வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் சொன்ன வைத்தியம் அவர்கள் வாயிலேயே அப்பாவின் முட்டாள்தனமாக மாறிவிட்டது. பஸ் ஸ்டாண்டிலும் ரத வீதியிலும் அந்தக் கதைதான். 'மாத்திரை மஞ்சள்' என்று அதற்குப் பெயர் வைத்ததும் அவர்களே. "என்ன வே, இன்னைக்கு எலுமிச்சம்பழச் சாதமா?" என்று கடைக்காரன்கூடக் கேட்டான். அப்பா எல்லாரோடும் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். யூனியன் ஆபீசில் அவ்வளவு காலம் கையெழுத்துப் போட்ட மனிதர். அந்தச் சிரிப்பு அவரை என்ன செய்தது என்று முன்னறையில் இருந்த எவனுக்கும் தெரியாது. கொஞ்ச நாள் கழித்து மாத்திரையும் திரும்ப வந்தது. மஞ்சளுக்குக் காரணம் தெரிந்துவிட்டதால் இனி பயமில்லையாம்.

இதுவரைக்கும் உனக்குத் தெரியும். இனி உனக்குத் தெரியாதது.

நீ பம்பாய்க்கு வேலைக்குப் போன மறு வருஷம். ஒருநாள் காலையில் அப்பாவுக்குக் காப்பி கொண்டுபோய் வைத்தேன். டம்ளரை விரலால் தள்ளினார். "வேண்டாம்டி, நாத்தமா இருக்கு" என்றார். பால் புதியது, பொடி அன்றைக்கு அரைத்தது. நான் குடித்துப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. காய்ச்சலிலும் காப்பி கேட்ட மனிதர், அவர் அம்மாவை எடுத்துப் போட்ட அன்றைக்குக்கூட ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் கொள்ளிச் சட்டியைத் தூக்கினார். அவர் டம்ளரைத் தள்ளியதிலிருந்து நான் அவரையே கவனித்துக்கொண்டிருந்தேன். பிறகு உடம்பு முழுக்கச் சொறிந்துகொண்டே இருந்தார். வேட்டியைத் துவைக்கும்போது பார்த்தேன், கறை எலுமிச்சை நிறம் இல்லை. நல்லெண்ணெய் நிறம். கண்ணின் வெள்ளையும் பழுத்த இலை மாதிரி இருந்தது.

முன்னறைக்குப் போய் எல்லார் முன்னாலும் சொன்னேன். "இது அந்த மஞ்சள் இல்ல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்றேன். ஹெட்கிளார்க் காப்பியிலிருந்து கண்ணை எடுக்காமல், "மதினி, பழைய கேஸு, புது நம்பர்" என்றார். லூம் அண்ணாச்சி தொடையில் தட்டிக்கொண்டு, "ஒரு பிடி சோறு கொண்டாங்க மதினி, பாத்துருவோம்" என்றார். இரண்டு பேரும் அப்படிச் சிரித்தார்கள். உன் அப்பா கண்ணைக் கூட்டாளிகள் அரை கஜ தூரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தினமும் உடம்பைப் பற்றியே பேசினவர்களுக்கு, எதிரே இருந்த உடம்பு கண்ணில் படவில்லை. அப்பாவும் சிரித்துக்கொண்டே, "மாத்திரைதான். நீ உள்ள போ" என்றார்.

நான் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் மாத்திரைதான் என்றார். சரி, அந்த மாத்திரையையே ஒழிப்போம் என்று அலமாரியைத் திறந்து டப்பாவை எடுத்தேன். கனமாக இருந்தது. மூடியைத் திறந்தால், மேலே வைத்த பஞ்சுகூடப் பிரியவில்லை. அவர் மாத்திரையைத் தொட்டே பல நாளாகியிருந்தது. டப்பாவைக் கொண்டுபோய் அவர் எதிரில் வைத்தேன். அவராகவே சொன்னார்: "எனக்குத் தெரியும்டி. ஒண்ணும் உள்ள எறங்க மாட்டேங்கு. காமாலைன்னு சொன்னா மறுபடியும் சோறு, செரட்டைன்னு ஊரே சிரிக்கும். மாத்திரைன்னு சொன்னா அத்தோட விட்டுருவானுக." நாலு பேர் சிரிப்பார்கள் என்று, இல்லாத மாத்திரையின் மேல் பழியைப் போட்டுவிட்டு ஒரு மனிதர் உள்ளுக்குள்ளேயே செத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போனேன். யாரிடமும் கேட்கவில்லை, அவரிடமும் கேட்கவில்லை. பெரிய டாக்டர் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, பித்தம் இறங்குகிற குழாயை ஒரு கட்டி அடைத்திருக்கிறது என்றார். "இவ்ளோ நாளா என்னம்மா பண்ணீங்க?" என்றும் கேட்டார். காப்பி குடித்துக்கொண்டிருந்தோம் என்று சொல்ல வாய் வரை வந்தது. கத்தி வைக்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டது என்றார்கள். உனக்குத் தந்தி அடித்த பிறகு நடந்ததெல்லாம் நீ அறிவாய். நீ வந்து இறங்கியபோது அவர் பேசும் நிலையில் இல்லை.

பதினாறாம் நாள் அன்று அந்த இரண்டு பேரும் உன்னை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு சிரட்டைக் கதையைச் சொன்னார்கள். மொட்டைத் தலையோடு, கண்ணில் தண்ணீரோடு நீ சிரித்தாய். அத்தனை நாளில் நீ சிரித்தது அப்போதுதான். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. மிச்சத்தைச் சொல்லியிருந்தால் நீ அவர்கள் சட்டையைப் பிடித்திருப்பாய். நீ ரயிலேறிய மறுநாள் காலையில் இரண்டு பேரும் வழக்கம்போல வந்து செருப்பை விட்டார்கள். "மதினி, காப்பி" என்றார் ஹெட்கிளார்க், எதுவுமே நடக்காத மாதிரி. பால் திரிந்துவிட்டது என்றேன். அன்றிலிருந்து அவர்களுக்கு இந்த வீட்டில் பால் திரிந்தேதான் இருக்கிறது. இப்போது லூம் அண்ணாச்சி வீட்டு மாடியில் கூடுகிறார்களாம். அவர்கள் பேச்சில் எந்த டாக்டரும் தோற்பார்.

மாத்திரையைத் திட்டுகிறேன் என்று நினைக்காதே. அது பாவம், வேண்டியவனுக்கு வேண்டிய அளவு டாக்டர் கொடுத்தால் அது மருந்து. எனக்கு வயிறு எரிவது அந்தக் காப்பிப் பேச்சைப் பார்த்துத்தான். நாலு பேர் கூடி உட்கார்ந்தால் ஒருத்தனுக்கும் தெரியாத விஷயம் நாலு பேருக்கும் தெரிந்ததாகிவிடுகிறது. அதில் ஒருத்தன் நோவு என்று சொன்னால் சிரிப்பு வருகிறது. சிரிப்புக்குப் பயந்து அவனும் சிரிக்கிறான். நீ எழுதிய அந்த ஒற்றை வரியில் உன் அப்பாவின் சிரிப்பு அப்படியே இருக்கிறது மக்கா. அதைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன்னுடையது வெறும் மாத்திரை மஞ்சளாக இருக்கலாம். கண்ட ஓட்டலில் தண்ணீர் குடித்து வந்த காமாலையாக இருக்கலாம். அப்படியானால் படுத்து ஓய்வெடுத்தால் போய்விடும் என்கிறார்கள். எது என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். கேன்டீன் இல்லை, நானும் இல்லை. போகும்போது முழுங்குகிற டப்பாக்களை எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு போ, மீன் எண்ணெயையும் சேர்த்துத்தான். காப்பி குமட்டுகிறது என்பதை மறக்காமல் சொல். அதை ஒரு நோய்க் குறியாக யாரும் மதிக்கமாட்டார்கள் என்று விட்டுவிடாதே. நம் வீட்டில் அதுதான் பெரிய அறிகுறி.

இந்தக் கடிதம் வரும்போது நான் ரயிலில் இருப்பேன். வழி தெரியாதே, பாஷை தெரியாதே என்று எழுதாதே, எழுதினாலும் வாங்கிப் படிக்க இங்கே ஆள் இருக்காது. எந்த வண்டி என்று இன்னொரு தந்தி வரும், டாக்டர் கொடுத்த சீட்டோடு ஸ்டேஷனுக்கு வந்து நில். பில்டரும் பொடியும் கொண்டு வருகிறேன். உன் அறையில் அடுப்பைப் பற்றவைத்து, என் கையால் ஒரு டம்ளர் போட்டு உன் முன்னால் வைப்பேன். நீ அதைக் குடித்து முடித்தால், ஒன்றுமில்லாததற்கு இத்தனை தூரம் வந்த பைத்தியக்காரி என்று உன் கூட்டாளிகளைக் கூப்பிட்டுக் காட்டு. எல்லாரும் என் முன்னாலேயே உட்கார்ந்து சிரியுங்கள். அவர்களுக்கும் சேர்த்துக் காப்பி போடுகிறேன். ஊர் சிரிப்பது உன் அப்பாவுக்குத்தான் தாங்கவில்லை. எனக்கு என்ன? நீ இருந்தால் போதும்.

அம்மா